ரொட்டிக்கடைக்காரர் ஏறிய பேருந்து

ஐம்பத்திரண்டு வயதில் காதல் கதை படிக்க ஆரம்பித்தவள் நான். அதுவும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் எழுதப்படுகிற காதல் கதைகள். அட்டையில் ஒரு பையனும் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் கடல் இருக்கும், அல்லது பனி கொட்டும். இவற்றைப் படித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டிய காரியம் வேறொன்று செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. ஒரே மகள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். துணிமணி, ஷூ, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் கொண்டுபோனவள், ஓர் அலமாரிப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூட நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் படித்தவை. சாப்பிட வா, சாப்பிட வா என்று வெளியிலிருந்து கத்தியவள் நான். உள்ளே அப்படி என்னதான் படித்தாள் என்று பார்ப்போமே என்று, தூசி தட்டப் போன இடத்தில் ஒன்றைப் பிரித்தேன். மகளைத் தெரிந்துகொள்ளலாம் என்ற நல்ல எண்ணம் இரண்டு புத்தகம் வரைக்கும்தான் இருந்தது. மூன்றாவதிலிருந்து எனக்காகவே படித்தேன்.

எல்லாக் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். சேரக் கூடாத இரண்டு பேர் இருப்பார்கள். பணமோ, மதமோ, நோயோ, அப்பாவோ நடுவில் நிற்கும். இருநூறாவது பக்கத்தில் பிரிவார்கள். பிரிவார்கள் என்று தெரிந்துதான் படிப்பேன், பிரிந்ததும் அழுவேன். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, இருபத்தொரு நாளில் கல்யாணம் முடிந்து டெல்லிக்கு ரயிலேறினவள் நான். எனக்கு யாரும் தடை போடவில்லை, தடை போடும்படி நானும் எதையும் ஆசைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. "என்ன, பரீட்சைக்குப் படிக்கியா?" என்று கணவர் கேலி செய்வார். அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனபிறகு நிம்மதியாக அழுவேன்.

வீட்டு வேலைக்கு வந்தவள் ஜங்புராவில், பாராபுல்லா சாக்கடைக் கால்வாயை ஒட்டி நம்மூர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். எங்களிடம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தாள். எங்கள் வீட்டு வேலை பதினொன்றரைக்கு முடியும். அடுத்த வீட்டு அம்மாள் பன்னிரண்டுக்குத்தான் கதவைத் திறப்பாள். நடுவில் உள்ள அரை மணி நேரம் எங்கள் வீட்டில் டீ குடிப்பாள். அவளுக்கென்று ஒரு டம்ளர் சமையலறை ஜன்னலோரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அதை யார் வைத்தது, எப்போது வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, வைத்தவளே நான்தான் என்பதால்.

டெல்லியில் குளிர்காலம் வந்துவிட்டால் பட்டாணி வாங்கி மாளாது. கூடை கூடையாக வரும். பால்கனி வெயிலில் பாயைப் போட்டு நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து உரிப்போம். அப்படி ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாக்கா, கண்ணு செவந்து கெடக்குது? சார் எதுனா சொன்னாரா?"

"அவர் என்ன சொல்லப் போறார்? புத்தகம் படிச்சேன்."

"புக்கு படிச்சாலே அழுவாங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்க, நானும் அழுவறேன்."

எட்டாவது வரை ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் தெரியாது. நான் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்தது ஒரு குளிர்பிரதேசத்துத் துறைமுக ஊரில் நடக்கும் கதை. ரொட்டிக்கடை வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி. சண்டை நடக்கிற தேசத்திலிருந்து படகில் தப்பி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், ஓட்டலில் தட்டுக் கழுவுகிறான். ரொட்டிக்கடைக்காரருக்கு அந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களையே ஆகாது. மகள் அந்தப் பையனோடு பேசுவது தெரிந்ததும், பையனைக் கடைப் படியேற விடாமல் துரத்திவிடுகிறார்.

தினம் அரை மணி நேரம், ஒரு கூடைப் பட்டாணி, ஓர் அத்தியாயம். பட்டாணியில் பாதியை நான் பச்சையாகவே தின்றுவிடுவேன் என்று அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள். அவள் கதை கேட்கிற விதமே தனி. நான் பெரிய பெரிய வசனத்தையெல்லாம் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள், "இருங்கக்கா, அந்தப் புள்ள காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னலியே" என்பாள். ரொட்டிக்கடைக்காரருக்குப் பெண்டாட்டி இல்லை, செத்துப்போனாள் என்றதும், "அதான் பாத்தேன்" என்று தலையாட்டினாள். படகில் வந்தவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகையைப் பற்றி நான்கைந்து பக்கம் இருந்தது. அலுப்பாக இருந்ததால் நான் அதை இரண்டு வரியில் தாண்டிப் போனேன். அவள் விடவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடும்பத்துக்கு ஒரு குழாய், பேப்பர் கேட்டு ஆபீசர் வந்தால் யார் முன்னால் போய் நிற்பது, எல்லாம் கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்து மறுபடி பார்த்துச் சொன்னேன். எழுதியவருக்கு இவள்தான் சரியான வாசகி என்று தோன்றியது.

ராத்திரிச் சோறு ஆக்கும்போது அன்றைய கதையைத் தன் பெண்ணுக்கு அப்படியே சொல்வாளாம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க அவ்வளவாக வராது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு போகல் மார்க்கெட்டில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்துகொண்டிருந்தாள். "இன்னிக்கி எதுவரைக்கும் சொன்னாங்கன்னு வாசல்லயே நின்னு கேக்குதுக்கா" என்று அம்மாக்காரி பெருமையாகச் சொல்வாள்.

ஜனவரியில் ஒரு நாள் அந்தப் பெண்ணை ஜங்புரா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எலுமிச்சை பிழிந்து தொன்னையில் போட்டுக் கொடுப்பார்களே, அந்தத் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். தொன்னையை ஒரு பையன் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் குச்சியால் குத்தி, அவனுக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டிருந்தாள். பையனை எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் மொபைல் ரிப்பேர் பார்க்கிற பீகார்க்காரப் பையன், என் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்திருக்கிறான். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை, ஒளியவில்லை. "நமஸ்தே ஆன்ட்டி" என்றாள். நான் தலையாட்டி வைத்தேன்.

புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் உருகியிருப்பேன். நேரில் பார்த்ததும் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கவே இல்லை.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? காதல் கதையா சொல்லிச் சொல்லி நீதான் கெடுத்தேன்னு நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. அவ புருஷன் குடிச்சுட்டு வந்து சத்தம் போட்டா ஏரியா பூரா வேடிக்கை பார்க்கும்."

அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இன்னொன்றையும் நினைத்தேன். பெண் ஓடிப்போனால் அம்மாக்காரி கேம்ப்பில் தலைகாட்ட முடியாமல் ஊருக்குப் போய்விடுவாள். இப்படிச் சுத்தமாக வேலை செய்கிற ஆள் எனக்கு மறுபடி கிடைக்க மாட்டாள். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நினைத்தது உண்மை.

பிப்ரவரியில் பட்டாணி முற்றி மாவாகிவிடும். அநேகமாகக் கடைசிக் கூடை அது. அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நடுவுல இருக்கறதெல்லாம் அப்பறம் சொல்லுங்க. கடசில அந்த ரொட்டிக்காரரு இன்னா பண்ணாரு? அத மட்டும் சொல்லுங்க."

"ஏன், என்ன அவசரம்?"

"எங்க ஊட்லயும் கொஞ்சம் அப்பிடித்தாங்கா போய்க்கிட்டு இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "பையன் ஒண்ணும் கெட்டவன் இல்ல. பேசிப் பாத்தேன், மரியாதையாத்தான் பேசறான். ஆனா நம்ம ஜாதி இல்ல, நம்ம பாஷ இல்ல. எங்க ஊட்டுக்காரரு வெட்டிப் போட்டுடுவேங்கறாரு. நான் ஒரு வார்த்த அழுத்திச் சொன்னா கேப்பாரு. சொல்லவா வேணாமான்னுதான் தெரியல. ரெண்டு மாசமா மண்டைய ஒடைக்குது."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிக் கேட்பாள்? அவளுக்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், கேம்ப்பில் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, எங்கேயோ ஒரு குளிர் ஊரில் இருக்கும் ரொட்டிக்கடைக்காரர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்திருந்தாள். அதுவும் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு முடிவு தெரியும். ஒரு வாரத்துக்கு முன்பே படித்து முடித்திருந்தேன். பிரிந்த பிறகு பையன் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் ரொட்டிக்கடைக்காரர், அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மூடாத கடையை மூடிவிட்டு, முதல் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போகிறார். கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு ரொட்டி. பையன் இருக்கும் அறைக் கதவைத் தட்டி, "இங்கே ரொம்பக் குளிர், வீட்டுக்கு வா" என்று கூப்பிடுகிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

அவளிடம் வேறு சொன்னேன். பையன் புது ஊருக்குப் போனதும் அவளை மறந்துவிட்டான் என்றேன். தேடிக்கொண்டு போன பெண், அவன் இன்னொருத்தியோடு இருப்பதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள். அப்பா கதவைத் திறந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் அவள் நர்ஸுக்குப் படித்து நன்றாக இருந்தாள். கண்ணிமைக்காமல் சொன்னேன். நர்ஸ் படிப்பெல்லாம் வாயில் தானாக வந்தது.

அவள் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள். பிறகு எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அப்ப அப்பன்காரன் பண்ணதுதான் சரி" என்றாள். நான் பட்டாணித் தோலைக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "அந்த புக்கக் குடுங்கக்கா. எம் பொண்ணு இங்கிலீஷு படிக்கும். கடசிப் பக்கத்த அதுவே படிக்கட்டும். அப்பவாவது புத்தி வருதா பாப்போம்" என்றாள். மகள் கேட்டாள் என்று பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன் என்றேன். அவள் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவுக்கு மேலே பழைய சூட்கேசுக்குப் பின்னால் புத்தகத்தைத் தள்ளிவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்ணே வந்தாள். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றதற்கு வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, அந்த புக் நான் படிச்சுட்டேன்."

"எந்த புக்?"

"பேக்கரி, போட்ல வந்த லட்கா, அம்மா சொன்னதெல்லாம் போட்டு போன்ல தேடினேன். வந்துருச்சு. புல்லா படிச்சேன்." செல்போனைக் காட்டினாள். பார்லர் வேலையில் நகமெல்லாம் சாயம் பிடித்திருந்தது. கோபமாகப் பேசினால் நானும் கோபப்பட்டிருக்கலாம், அவள் கெஞ்சுகிற குரலில் பேசினாள். "நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு நான் கேக்கல. அம்மாகிட்ட கரெக்ட் எண்டிங் சொல்லிடுங்க, அது போதும். நான் சொன்னா எனக்காக ஜூட், பொய் சொல்றேன்னு நினைக்கும். நீங்க சொன்னாத்தான் நம்பும்."

"நாளைக்குச் சொல்றேன்."

"பக்கா?"

"பக்கா."

"தேங்க் யூ ஆன்ட்டி" என்று இரண்டு படி இறங்கியவள், மறுபடி ஏறி வந்து, "அம்மா பாதி ஒத்துக்கிச்சு ஆன்ட்டி. நீங்க சொன்ன எண்டிங்க கேக்கறதுக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அம்மாக்காரி தாமதமாக வந்து அவசரமாகப் போனாள், சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கணவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார். புதன்கிழமை சொல்லலாம் என்று அவள் எதிரில் உட்கார்ந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? நான் பொய் சொன்னேன் என்றா, மறந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றா? கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசினேன். வியாழக்கிழமையும் அப்படியே போனது. பொய்யை ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவள் லீவு கேட்டாள். ஊரில் கோயில் திருவிழா, பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். எந்தத் திருவிழா, எதற்காகப் போகிறாள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் ரயில் பிரயாணமாயிற்றே என்று, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிப் பொட்டலம் கட்டி, வழிக்கு வைத்துக்கொள் என்று கையில் கொடுத்து அனுப்பினேன்.

இருபது நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். புடவை புதிது. "எங்க அண்ணன் மவனுக்கே குடுத்துட்டேங்கா. புக்குல வந்த மாதிரி ஆவறதுக்கு முன்னாடி முடிச்சுட்டேன்."

"நல்லது" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னது எனக்கே இன்றுவரை ஆறவில்லை. அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போனபோது அந்தப் பையன் கடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். "ஆன்ட்டிஜி, வோ டீக் ஹை நா?" என்று கேட்டான். அவள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்க அவனுக்கு வேறு ஆள் இல்லை. "டீக் ஹை" என்றேன். அதுவும் எனக்குத் தெரியாத விஷயம்தான். கொஞ்ச நாளில் அவன் கடையை வேறு ஒருவன் வைத்திருந்தான்.

இரண்டு வருஷம் போனது. பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். கூட வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். இவர் மூன்று நாள் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. நான்காம் நாள் நான் அவரிடம் கேட்காமலே டிக்கெட் எடுத்தேன். முறுக்கும் அதிரசமும் சுட்டு, டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பெங்களூரில் அந்தப் பையன் தங்கியிருந்த வீட்டு மூன்றாவது மாடிக்குப் படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டிக்கடைக்காரர் செய்ததைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். படித்தது வீணாகவில்லை, என் வீட்டுக்கு உபயோகப்பட்டது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு போய்க் கதவைத் தட்டினேன்.

கல்யாணம் டெல்லியில் நடந்தது. சம்பந்தி வீட்டார் நல்ல மனிதர்கள், என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் வாய் நீளம். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "அவர் முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நானே போய்க் கதவைத் தட்டினேன். பேப்பர்ல சுத்தின அதிரசத்தோட. வீட்டுக்கு வாப்பான்னு கூப்பிட்டேன்." எங்கள் ஊர் உறவுக்காரர்களுக்குத் தமிழிலும் பஞ்சாபிகளுக்கு இந்தியிலும் இரண்டு தடவை சொன்னேன். என் வேலைக்காரி பந்தியில் பூரி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதைக் கேட்டு அவள் தட்டோடு நின்றதைப் பார்த்தேன். அவள் சாப்பிடாமலே போய்விட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அடுத்த மாதம், வேறு வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று நின்றுவிட்டாள். நானும் பெரிதாக நினைக்கவில்லை.

இவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் துவாரகாவுக்கு வந்துவிட்டோம். போன வருஷம் கோடையில் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். டிவியில் பார்த்தேன். தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடினேன், எல்லோரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய நம்பருக்குப் போன் செய்தால் போகவில்லை.

இந்த மார்கழியில் ஒரு காலை, கீழேயிருந்து வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டான். யாரோ மதராசி அம்மா வந்திருக்கிறாள் என்றான். அவள்தான். கேம்ப்புக்குப் பதிலாக நரேலாவில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்களாம், பழைய அக்கம்பக்கத்தாரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அங்கிருந்து இரண்டு பஸ் மாறி மெட்ரோ பிடித்து வந்திருந்தாள். பையிலிருந்து மஞ்சள் தடவின ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள். பேத்திக்குக் காது குத்து, ஊரில்.

"அக்காவுக்கும் ஒண்ணு குடுன்னு எம் பொண்ணுதான் சொல்லிச்சு."

"எப்படி இருக்கா?"

"இருக்குது. மாப்ள நல்லவன்தான். ஆனா டெல்லிக்கி வரமாட்டேங்குது. கல்யாணமாயி ஒரு தடவ கூட வரல. வீடியோ கால் போட்டா கொழந்த மூஞ்சிய மட்டும் காட்டும், அது மூஞ்சியக் காட்டாது."

சோபாவில் உட்காரச் சொன்னேன். பழக்கம் விடாமல் தரையில் உட்கார்ந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன். இதற்கு மேல் ஆறப்போட என் வயதும் இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அந்த ரொட்டிக்கடைக்காரர் கதை. முடிவை நான் உனக்கு..."

"தெரியுங்கா."

என்னைப் பார்க்காமல் பத்திரிகைக் கட்டை நேராக்கிக்கொண்டே சொன்னாள். ஊருக்குப் போன ரயிலில், நாக்பூர் தாண்டியதும், பெண் போனை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறது. ரொட்டிக்காரர் கடையை மூடினது, பஸ் ஏறினது, பேப்பரில் சுற்றின ரொட்டி.

"நான் நம்பல. படிச்சவங்க, அக்கா போயி பொய் சொல்லுவாங்களா, உனக்காவ கதைய மாத்திறியாடின்னு, அத்தினி பேரு முன்னாடி ஒரு அற வுட்டேன். அதோட போன உள்ள வெச்சுது. விழுப்புரம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. தாலி கட்டறப்பகூட பேசல."

"அப்புறம் எப்ப..."

"ஒங்க பொண்ணு கல்யாணத்துல. பேப்பர்ல சுத்திக்கிட்டுப் போனேன், கதவத் தட்டுனேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. தட்டோட நின்னேன். எம் பொண்ணு சொன்னது அதானேன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

மன்னிப்புக்கூடக் கேட்காமல் அழுதேன். அவள் என்னைச் சமாதானம் செய்யவில்லை. செய்யாதது சரிதான் என்று அப்போதே தோன்றியது.

நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை இருந்துவிட்டு, "அந்த புக்கு பெங்களூர்லயா இருக்கு?" என்று கேட்டாள்.

உள்ளே போனேன். வீடு மாறினபோது சூட்கேசோடு அதுவும் வந்து, இங்கேயும் பீரோ மேலேதான் கிடந்தது. தூசியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தனை நாள் கேட்ட கதையின் புத்தகத்தை அவள் அன்றுதான் முதல்முதலாகக் கையில் வாங்கினாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள். கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்தேன்.

"ரொட்டிக்கடைக்காரர் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்கக்கா," என்றாள். "படிங்க. ஒரு வரி இங்கிலீஷு, ஒரு வரி தமிழு."

அவளுக்குப் புரியாத பாஷையில் முதல் வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தாள். நான் அந்த வரியைப் படித்து, தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். ஒரு வரியையும் என்னால் தாண்ட முடியாது. கடையை மூடினார். பஸ் ஏறினார். கதவைத் தட்டினார். வெளியே யாரோ துணி காயப்போட்டுக்கொண்டு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆனது.

முடிந்ததும் அவள் விரலை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

"ஒரு வார்த்த கூட மாத்தாமத்தான் சொல்லிருக்குதுக்கா, எம் பொண்ணு" என்றாள்.